கல்லுப் பாதையில் சைக்கிள் டயர் பிடிக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மலையகத்தில் மவுன்டன் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஒரே இறக்கத்தில் மூன்று விதமான தரை வரும். தார் கழன்று கருங்கல் பல்லைக் காட்டும் தோட்டத்து ரோடு, தேயிலை மலைக்குள் நேராக இறங்கும் படிக்கல் குறுக்கு, மழை பட்டால் சவர்க்காரம் போலாகும் மண். இங்கே சறுக்குகிற எல்லா சைக்கிளுக்கும் புது டயர் தேவையில்லை. காற்றைச் சரியாக வைத்தாலே பல கோளாறுகள் தீர்ந்துவிடும். அப்படியும் தீராமல் பணம் போட வேண்டி வந்தால் முன்னுக்கு மென்மையான இறப்பர், பின்னுக்குத் தடித்த துணி (இறப்பருக்கு அடியில் டயரின் உடலாக இருக்கும் நூல் அடுக்கு) என்ற வரிசையில் போடுங்கள். இந்த வரிசையை மாற்றிப் போட்டால் விலை கூடிய டயர் வாங்கியும் இறக்கத்தில் பயம் போகாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் காற்றை அளவுகோலால் அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதில் 22 பி.எஸ்.ஐ.க்கும் (காற்றழுத்தத்தின் அளவு) 28க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கல்லில் அந்த 6 பி.எஸ்.ஐ. தான் விழுவதா, கடப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. பெற்றோல் செட்டில் உள்ள பெரிய மீற்றர் வாகன டயருக்கானது, இந்தக் குறைந்த அளவில் அதை நம்ப முடியாது. 60 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் சிறிய கேஜ் ஒன்றைச் சொந்தமாக வைத்திருங்கள்.

தொடக்க அளவு இது. 2.4 அங்குல டயர், டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாதது), ஓட்டுபவர் 70 கிலோ என்றால் முன்னுக்கு 21, பின்னுக்கு 24. எடை 10 கிலோ கூடினால் இரண்டிலும் 2 கூட்டுங்கள், குறைந்தால் ஒன்றோ ஒன்றரையோ குறையுங்கள். டியூப் போட்ட டயர் என்றால் இன்னும் 4 முதல் 5 வரை கூட வேண்டும். கடையில் சைக்கிளோடு வரும் 26 அங்குல, 2.1 அகல டயரில் டியூப் இருந்தால் முன்னுக்கு 30, பின்னுக்கு 33. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண் அதிகபட்ச அளவு மட்டுமே. அதைப் பார்த்து 50, 60 என்று அடிப்பதுதான் இங்கே நடக்கும் மிகப் பொதுவான தவறு.

காற்றை ஓட்டம் தொடங்கும் இடத்தில் அளப்பது நல்லது. கொழும்பில் அடித்துவிட்டு 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏறினால், வெளிக்காற்று மெலிவதால் கேஜில் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடும். விடிகாலைக் குளிர் அதில் 2 அளவைத் திரும்பக் குறைக்கும். வெயில் ஏறியதும் குறைந்தது மறுபடி கூடும். வீட்டில் பார்த்த எண்ணை நம்பி இறங்கினால் இந்தக் கணக்கு காலை வாரும்.

அறிகுறி 1: கல் மேல் சைக்கிள் துள்ளுகிறது, கை மரத்துப்போகிறது

காற்று அதிகம். வேறு காரணம் தேடும் முன் 2 பி.எஸ்.ஐ. இறக்கி, அதே 100 மீற்றர் துண்டை மறுபடி ஓட்டுங்கள். துள்ளல் குறைந்தால் இன்னும் 1 இறக்கலாம். ரிம் கல்லில் இடிக்கும் "டங்" சத்தம் கேட்கத் தொடங்கினால் 2 திரும்ப ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் எடைக்கும் அந்தப் பாதைக்கும் உரிய அளவு. டயர் லிவர் வைத்திருக்கும் பைக்குள் அதைக் குறித்து வையுங்கள்.

அளவு சரியாக இருந்தும் துள்ளினால் டயர் ஒடுக்கமானது. 1.95 அல்லது 2.1 டயரில் இதற்கு மேல் காற்றை இறக்க இடமில்லை, இறக்கினால் டியூப் கிழியும். சட்டகமும் போர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) இடம் கொடுத்தால் 2.25 அல்லது 2.4க்கு மாறுங்கள். இடம் இருக்கிறதா என்று அளப்பது ஆறாவது அறிகுறியில் இருக்கிறது.

அகல டயரிலும் துள்ளல் நின்றபாடில்லை என்றால் போர்க்கைப் பாருங்கள். ஒரு கையால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உடம்பு எடையோடு அழுத்துங்கள். அழுத்தும்போது சிக்கினாலும், போர்க்கின் கால்களில் எண்ணெய் படிந்திருந்தாலும் டயரைக் குறை சொல்ல வேண்டாம். போர்க்கைத் திறக்கத் தெரிந்த கடைக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் திறக்க வேண்டாம்.

அறிகுறி 2: ஈரக் கல்லில் முன் சக்கரம் வழுக்குகிறது

ஓட்டுபவரின் துணிவைக் கெடுப்பது இதுதான். பின் சக்கரம் சறுக்கினால் உடம்பு தானாகச் சமாளிக்கும். முன் சக்கரம் சறுக்கினால் தோள் தரையில். ஆகவே இதை மட்டும் ஆறுதலாக, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

*வழுக்கிய இடத்தில் பாசி இருந்ததா?* மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை நிழல் விழும் கல்லும் பழைய கொங்கிறீட்டும் பச்சையாகிவிடும். பாசி படிந்த கல்லை எந்த டயரும் பிடிக்காது, எவ்வளவு விலை கொடுத்தாலும். அதன் மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக உருண்டு கடக்க வேண்டும். வேகத்தைக் கல்லுக்கு முன்னாலேயே குறையுங்கள். பாசி இல்லாத கருங்கல்லிலும் வழுக்கியிருந்தால் கீழே தொடருங்கள்.

*டயர் திசை சரியா?* பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும், சக்கரம் உருளும் பக்கம் அது பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றியவர் டயரைத் திருப்பிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. செலவில்லாத திருத்தம்.

*பட்டன்கள் எப்படி இருக்கின்றன?* டயரில் எழும்பி நிற்கும் இறப்பர் பட்டன்களில் நடுவரிசையை மட்டும் பார்த்து "இன்னும் நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டாம். ஓரத்து வரிசையைப் பாருங்கள். அதன் உள்விளிம்பு உருண்டு போயிருந்தாலோ, பட்டனின் அடியில் கீறல் விழுந்து அது பல் ஆடுவது போல் ஆடினாலோ, வளைவில் அந்த டயர் உங்களைத் தாங்காது. அதைப் பின்னுக்கு மாற்றலாம், முன்னுக்கு ஆகாது.

*இறப்பர் கடினமாகிவிட்டதா?* பெருவிரல் நகத்தை ஒரு பட்டனில் அழுத்தி எடுங்கள். மென்மையான இறப்பரில் நகத்தின் தடம் விழுந்து, மெதுவாக மறையும். தடமே விழாவிட்டால் அந்த டயர் காய்ந்த நிலத்துக்கு மட்டும். கடையின் முன்புறம் வெயிலில் மாதக்கணக்கில் தொங்கிய டயர் புதிதாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தோற்கும். வாங்குமுன் நகத்தை வைத்துப் பாருங்கள், கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் புது முன் டயர். அதைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பெரிய குழப்பம் வரும். மழை நாடு என்பதால் உயரமான, கூரிய பட்டன் உள்ள சேற்று டயர் வேண்டும் என்று தோன்றும். ஈரக் கல்லில் அது வேலை செய்யாது. உயரமான பட்டன் கல் மேல் வளைந்து கொடுக்கும், கல்லில் படும் இறப்பரும் குறைவு. கல்லுக்கு வேண்டியது நடுத்தர உயரம், நெருக்கமான பட்டன்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மென்மையான இறப்பர். வெறும் ஒட்டுமண்ணில் அந்த நெருக்கம் அடைபட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் மண்ணில் விழுவதும் கருங்கல்லில் விழுவதும் ஒன்றல்ல. இரண்டும் கலந்த பாதை என்றால் கல்லுக்கு ஏற்றதையே போடுங்கள்.

இறப்பரின் மென்மை டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். மெக்சிஸ் நிறுவனத்தின் டயரில் மெக்ஸ்கிரிப் மிக மென்மை, மெக்ஸ்டெரா நடுத்தரம், டூவல் என்று இருந்தால் கடினம். ஷ்வால்பேயில் அடிக்ஸ் அல்ட்ரா சொஃப்ட், அடிக்ஸ் சொஃப்ட், அதற்குப் பின் ஸ்பீட்கிரிப். கொன்டினென்டலில் சூப்பர்சொஃப்ட், சொஃப்ட், என்டியூரன்ஸ். மாதிரி என்று பார்த்தால் மெக்சிஸ் அசெகாய் இங்குள்ள கல்லுக்குப் பொருந்தும், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் பட்டன் வரிசை விட்டுப்போகாமல் இருப்பதால் சாய்க்கும்போது பிடி நழுவுவதில்லை. ஷ்வால்பே மெஜிக் மேரி இடைவெளி கூடியது, மண் அதிகமுள்ள பாதைக்கு அது. அகலம் 2.4 அல்லது 2.5. மிக மென்மையான இறப்பர் வேகமாகத் தேயும், ஏற்றத்தில் இழுக்கும். முன் சக்கரத்தில் அந்த இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம், மிதிக்கும் பாரம் அங்கே இல்லை.

26 அங்குல சைக்கிளுக்கு இப்படி மென்மையான இறப்பரில் தேர்வு குறைவு. கிடைக்காவிட்டால் கிடைப்பதில் அகலமானதை எடுத்து, காற்றை 2 குறைத்து ஓட்டுங்கள்.

அறிகுறி 3: கல் ஏற்றத்தில் பின் சக்கரம் சுழல்கிறது

உட்கார்ந்திருந்தபோதா, எழுந்து மிதித்தபோதா என்று முதலில் கவனியுங்கள். எழுந்தபோது மட்டும் என்றால் டயர் குற்றவாளி இல்லை. எடை முன்னுக்குப் போய்விட்டது. சீட்டின் நுனியில் உட்கார்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, ஒரு படி கடினமான கியரில் சீராக மிதியுங்கள். இலகுவான கியரில் வேகமாகச் சுற்றினால் ஈரக் கல்லில் சக்கரம் உடனே நழுவும்.

உட்கார்ந்திருந்தும் சுழன்றால் காற்றை 2 குறையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நடு பட்டன்களின் உயரத்தை அளங்கள். புதிதில் இருந்ததில் பாதிக்கும் கீழ் என்றால் டயரை மாற்றும் நேரம். முன்னுக்குப் புது டயர் வாங்கி, முன்னால் இருந்ததைப் பின்னுக்குப் போடுவது சிக்கனமான வழி. பின்னுக்கு மென்மையான இறப்பர் வாங்குவது வீண் செலவு, தோட்டத்து ரோட்டின் சல்லி சில மாதத்தில் தின்றுவிடும்.

அறிகுறி 4: அடிக்கடி காற்றுப் போகிறது (டியூப் போட்டவை)

ஓட்டையை ஒட்டிவிட்டு ஓடாதீர்கள். டியூபைக் கழற்றும்போது வால்வு இருந்த இடத்தை டயரில் சோக்கால் அடையாளமிட்டு, ஓட்டை எங்கே, என்ன வடிவம் என்று பாருங்கள். காரணம் அதிலேயே இருக்கிறது.

பாம்பு கடித்தது போல் அருகருகே இரண்டு கீறல்: கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கியிருக்கிறது. காற்றை 3 கூட்டுங்கள். கூட்டினால் துள்ளல் வருகிறது, குறைத்தால் கிழிகிறது என்ற நிலைக்கு வந்துவிட்டால் டியூப்லெஸுக்கு மாறுவதே தீர்வு, டியூப்களை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை.

வெளிப்பக்கத்தில் ஒரே ஓட்டை: முள், கம்பி, கண்ணாடி, அல்லது கூரான வெள்ளைப் பளிங்குக் கல்லின் சில்லு. டயரின் உட்பக்கத்தைத் துணியால் முழுச் சுற்றும் துடையுங்கள். துணி மாட்டும் இடத்தில் குற்றவாளி இருக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம்.

உட்பக்கத்தில், ரிம் பார்க்கும் பக்கம் ஓட்டை: ரிம் பட்டி விலகி, ஸ்போக் தலையோ துளையின் விளிம்போ குத்துகிறது. பட்டியை மாற்றுங்கள், மலிவான வேலை.

வால்வின் அடியில் கிழிசல்: காற்றுக் குறைவால் டயர் ரிம் மேல் நகர்ந்து டியூபை இழுத்திருக்கிறது. அதை ஒட்ட முடியாது, புது டியூப். சொலுஷன் பூசி ஒட்டுவோர், அது காய்ந்து ஈரப்பளபளப்பு போகும்வரை ஐந்து நிமிடமாவது பொறுத்து ஒட்டைப் போட வேண்டும். மழைத்தூறலில் ஒட்டியது நிற்காது, அப்போது மாற்று டியூபைப் போட்டுவிட்டுப் பழையதை வீட்டில் ஒட்டுங்கள்.

அறிகுறி 5: டயரின் பக்கம் கிழிகிறது

இங்கே இரண்டு இடத்தில் இது நடக்கிறது. ஒன்று, தார் போன ரோட்டில் நிமிர்ந்து நிற்கும் கருங்கல்லின் விளிம்பு. மற்றது கவ்வாத்து வெட்டிய மலை. புதிதாகக் கவ்வாத்து முடிந்த தேயிலைத் தூரின் சாய்ந்த வெட்டு முனை கத்திக்குச் சமம். ஒற்றையடிப் பாதையில் டயரும் கணுக்காலும் அதை உரசும். கவ்வாத்து நடக்கும் மலைக்குள் சைக்கிள் போகாமல் இருப்பதே முறை, தொழிலாளர்கள் வேலை செய்யும் இடமும் அது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் பீகோ டிரெயில் என்ற நடைபாதையிலும் இப்படித் தேயிலைக்குள் நுழையும் துண்டுகள் உண்டு.

கிழிசல் 5 மில்லிமீற்றருக்குள், டியூப்லெஸ் என்றால்: ஒட்டும் இறப்பர்த் திரி ஒன்றை ஊசியால் செருகி, வெளியில் அரை அங்குலம் விட்டு ஊசியைச் சட்டென இழுங்கள். காற்று அடித்து, கிழிசல் கீழே வரும்படி சக்கரத்தை ஒரு நிமிடம் வையுங்கள், உள்ளே இருக்கும் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) வந்து அடைக்கும்.

அதைவிடப் பெரிது என்றால்: வால்வைக் கழற்றி டியூப் போட வேண்டும், ஆனால் டியூப் கிழிசல் வழியே பிதுங்கும். உட்பக்கம் ஒரு தாங்கு தேவை. பழைய டயரிலிருந்து வெட்டிய 5 சென்டிமீற்றர் துண்டு மிக நல்லது. அது இல்லாவிட்டால் வெற்றுப் பால்மா பக்கற் நான்காக மடித்தது போதும். வீடு சேரும் வரை தாங்கும். சீலண்ட் ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள், ஈரத்தில் அது நகர்ந்துவிடும். காற்று 25க்கு மேல் வேண்டாம், மெதுவாகப் போங்கள்.

இரண்டாவது தடவையும் பின் டயரின் பக்கம் கிழிந்தால் துணி மெல்லியது. மெக்சிஸில் எக்ஸோ மெல்லிய ஒற்றைத் துணி. அதிலிருந்து எக்ஸோ பிளஸ், அதற்கும் மேல் டபிள்டவுன். ஷ்வால்பேயில் சூப்பர் ட்ரெயிலிலிருந்து சூப்பர் கிராவிட்டிக்கு ஏறுங்கள். கொன்டினென்டலில் ட்ரெயிலிலிருந்து என்டூரோவுக்கு. ஒரு டயருக்கு 150 முதல் 300 கிராம் வரை கூடும், ஏற்றத்தில் அது தெரியும். ஆகவே பின்னுக்கு மட்டும். ஒஹியவிலிருந்து பம்பரகந்தை வழியாகக் கலுபஹனைக்கு இறங்கும் பாதை மாதிரி, உதவி வர மணிக்கணக்காகும் இடங்களுக்கு அந்த எடையைச் சுமப்பது தகும்.

கிழிசலில் துணியின் நூல் வெளியே தெரிந்து அங்கே டயர் வீங்கினால், தைக்கவோ ஒட்டவோ எவரிடமும் கொடுக்காதீர்கள். அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

அறிகுறி 6: வளைவில் டயர் நெளிகிறது, "புஸ்" என்று காற்றுக் கக்குகிறது (டியூப்லெஸ்)

காற்றை 2 கூட்டுங்கள். நின்றதா? அவ்வளவுதான். நிற்காவிட்டால் ரிம்மின் உள் அகலத்தை அளங்கள். 2.4 டயருக்கு 25 முதல் 30 மில்லிமீற்றர் வேண்டும். பழைய ரிம்கள் 19 அல்லது 21 தான். அதில் 2.5 போட்டால் டயர் பல்பு போல் மேலே வீங்கி, வளைவில் படுத்துவிடும். 2.25க்கு இறங்குவது மலிவு, சக்கரம் மாற்றுவது செலவு. டயரில் "டியூப்லெஸ் ரெடி" என்று இல்லாவிட்டால் சீலண்ட் ஊற்றி ஓட்டவே வேண்டாம். பீட் (ரிம்மில் பதியும் டயரின் விளிம்பு) ரிம்மை விட்டுக் கழன்றால் இறக்கத்தில் உயிராபத்து.

அகல டயர் வாங்குமுன் இடம் பார்ப்பது: காற்று அடித்த நிலையில் டயருக்கும் சட்டகத்துக்கும் இடையில், பக்கங்களிலும் மேலேயும் 6 மில்லிமீற்றர் வேண்டும். 6 மி.மீ. அலன் சாவியை நுழைத்துப் பாருங்கள். அதற்குக் குறைந்தால் மண்ணும் சிறு கல்லும் மாட்டிச் சட்டகத்தை அரைக்கும்.

அறிகுறி 7: இரவில் வைத்த காற்று காலையில் இல்லை (டியூப்லெஸ்)

சீலண்ட் காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் தண்ணீர் ஆடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வால்வின் உள்ளூசியைக் கழற்றி 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 முதல் 120 மி.லீ., 27.5க்கு 90 முதல் 100 மி.லீ. ஊற்றுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியது. உள்ளூசி பாலாடை போல் அடைபட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

சீலண்ட் இருந்தும் போனால் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வால்வின் அடியில் வந்தால் அதன் நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள், குறடு வைத்தால் பாதையில் கழற்ற முடியாது. ஸ்போக் துளைகளில் வந்தால் ரிம் டேப் கிழிந்திருக்கிறது. ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மி.மீ. அகலமான டேப்பை, ஸ்பிரிட்டால் துடைத்த ரிம்மில் இழுத்து ஒட்ட வேண்டும். பீட் ஓரத்தில் ஒரே இடத்தில் வந்தால் அங்கே ரிம் நசுங்கியிருக்கும்.

இங்கேதான் கடைக்குப் போகும் எல்லை. அலுமினிய ரிம்மில் 2 மி.மீ. வரையான நசுங்கலை அனுபவமுள்ளவர் நிமிர்த்துவார். வெடிப்பு தெரிந்தாலும், ஸ்போக் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல் கீறினாலும், கார்பன் ரிம்மில் எந்தக் காயம் என்றாலும், நிமிர்த்தச் சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். டேப் இரண்டு தடவை ஒட்டியும் நிற்காவிட்டாலும் சக்கரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 8: டயர் எல்லாம் சரி, இறக்கத்தில் மட்டும் இன்னும் பயம்

முன் டயர் மாற்றிய பிறகும் கை பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், அந்தப் புது இறப்பர் எதைப் பிடிக்கிறது என்று உடம்புக்கு இன்னும் தெரியாது. பாதைக்குப் போகுமுன் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். 50 மீற்றர் நீளம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறக்கூடிய சாய்வு, பெரிய கல் ஐந்தாறு, பக்கத்தில் பள்ளம் இல்லாத இடம். காய்ந்த நாளில் மூன்று முறை இறங்குங்கள், மழை விட்ட மறுநாள் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் காற்று 2 குறைவு, பிறகு சீட்டை நான்கு விரல் தாழ்த்தி, பிறகு பிரேக்கைக் கல்லுக்கு முன் முடித்து.

ஈர நாளில் பிரேக் கீச்சிட்டுப் பிடிக்காமல் போனால் டயரை விட்டுவிட்டுப் பிரேக் பேடைப் பாருங்கள். டிஸ்க் பேடில் உலோகத் தகடு நீங்கலாக 1 மில்லிமீற்றருக்குக் கீழ் மிஞ்சினால் மாற்ற வேண்டும். லிவர் ஹேண்டிலைத் தொடும்வரை உள்ளே போகும் ஹைட்ரோலிக் பிரேக்கைக் காற்று எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அது முடியும்வரை கல் இறக்கத்துக்குப் போக வேண்டாம்.